பல்லி போலக் கத்தும் பெட்டி: ஏ.டி.யு-100 டியூனருடன் பதினான்கு மாதங்கள்

ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் பொருத்தம் செய்து வைக்கும் இந்த டியூனர் பெட்டிக்கு எங்கள் வீட்டில் கிடைத்த முதல் விமர்சனம் பேத்தியுடையது. "தாத்தா, உங்கள் ரேடியோவுக்குள் பல்லி இருக்கிறது" என்றாள். பொத்தானை அழுத்தியதும் உள்ளே பதினைந்து ரிலேக்கள் (மின்சாரத்தால் மாறும் சுவிட்சுகள்) மாறி மாறிப் பிடித்து விடும் சத்தம் அது. சில நொடிகள் கடகடவென்று அடிக்கும். பிறகு வேகம் குறைந்து ஒன்று, இன்னொன்று, கடைசியாக ஒரே ஒரு 'டிக்'. என் மனைவி பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் குடும்பத்திலிருந்து வந்தவள். "எந்தத் திசையிலிருந்து?" என்று கேட்டாள். மேசையின் தென்மேற்கு மூலை என்றேன். பலன் என்ன என்று சொல்லாமலே சமையலறைக்குப் போய்விட்டாள். நல்ல பலனாக இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். 1980-இல் பெங்களூரு தூரவாணி நகரில் ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து ரிலேதான் என் சோறு. ஸ்ட்ரோஜர் என்ற பழைய தானியங்கித் தொலைபேசி நிலையங்களுக்கான ரிலேக்களில் ஸ்பிரிங்கின் இழுவையைக் கிராம் கணக்கில் அளந்து, காண்டாக்டின் இடைவெளியைத் தகடு விட்டுப் பார்த்து வளைத்துச் சரிசெய்வது எங்கள் பிரிவின் வேலை. ஒரு ரிலே நன்றாக உட்காருகிறதா, தயங்கி உட்காருகிறதா என்று காதாலேயே சொல்லிவிடுவோம். ஓய்வுபெற்று ராமமூர்த்தி நகர் வீட்டு மாடியில் ஹாம் ரேடியோவோடு (பொழுதுபோக்காகப் பேசும் உரிமம் பெற்ற வானொலி) உட்கார்ந்தவனிடம் ரிலே நிறைந்த பெட்டி ஒன்று வந்து சேர்ந்தால் அவன் எதை முதலில் பார்ப்பான் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே இந்த விமர்சனம் கொஞ்சம் ஒருதலைப்பட்சமானது.

என்னிடம் இருப்பது ஐகாம் ஐசி-718. 100 வாட், எளிமையான வானொலி. அதற்குள் டியூனர் கிடையாது. 40 மீட்டர் பேண்டுக்கென்று (7 மெகாஹெர்ட்ஸ்) மாடியில் கட்டியிருந்த டைபோல் என்ற இரு கை ஆன்டெனாவை, கைக்குப் பத்து மீட்டர் என்ற கணக்கில், வைத்துக்கொண்டு காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் கோயம்புத்தூர், மதுரை நண்பர்களோடு பேசுவேன். மூன்று மடங்கான 21-லும் அந்த ஆன்டெனா ஓரளவு ஒத்துழைக்கும். 14-க்குப் போனால் மட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். முள் எகிறும் (ஆன்டெனா எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் விகிதம் அது; 1 என்றால் முழுப் பொருத்தம்). டியூனர் வாங்கும் ஆசை அங்கேதான் முளைத்தது.

நான் வாங்கியது ஏ.டி.யு-100 என்ற வடிவமைப்பில் செய்த பெட்டி. என்7டிடிசி என்ற அழைப்புக்குறிக்காரர் வடிவமைத்து, வரைபடத்தையும் மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் செய்கிறார்கள். எப்படி வேண்டுமானாலும் செய்கிறார்கள். இரண்டாவது வாக்கியத்தை வாங்கும்போது நான் போதிய அளவு யோசிக்கவில்லை. பெங்களூருவின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் ஒரு சந்துக்குள் இருக்கும் கடையில், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன் ஒருவன் எடுத்துக் காட்டினான். "ஐயா, 100 வாட் தாங்கும். பொத்தானை அழுத்தினால் போதும், எந்த ஆன்டெனாவும் வேலை செய்யும்" என்றான். முதல் பாதி ஏறக்குறைய உண்மை. விலை 7,500 ரூபாய். பேரம் பேசி 7,200-க்கு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் மூடியைக் கழற்றினேன். ஏழு காயில்கள், ஏழு கெப்பாசிட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிலே. கெப்பாசிட்டர் கூட்டத்தை ரேடியோ பக்கமும் ஆன்டெனா பக்கமும் மாற்றிப் போட இன்னொரு ரிலே. காயில்கள் 0.05 மைக்ரோஹென்றியில் தொடங்கி ஏறக்குறைய இரண்டிரண்டு மடங்காகப் போகின்றன. கெப்பாசிட்டர்கள் 10, 22, 47 என்று 1000 பிகோஃபாரட் வரை. பழைய தராசில் படிக்கல் வைப்பது போலத்தான்: வேண்டிய எடைக்கு வேண்டிய கற்கள். காயிலில் 128 அளவு, கெப்பாசிட்டரில் 128 அளவு, இரண்டு பக்கம் என்றால் 32,768 சேர்க்கைகள். அத்தனையையும் முயன்று பார்ப்பதில்லை. முதலில் தோராயமாகத் தேடி, பிறகு நல்ல இடத்தைச் சுற்றித் துழாவும். பேத்தி கேட்ட பல்லிச் சத்தம் வேகமாகத் தொடங்கி நிதானமாக முடிவது அதனால்தான்.

சால்டர் வேலை சுமார். இரண்டு இணைப்புகள் மங்கலாக, குளிர்ந்த சால்டர் போல இருந்தன. மறுபடி சூடு காட்டினேன். டோராய்டு (வளைய வடிவ) காயில்களின் சுற்றுகள் ஒரே பக்கம் நெருங்கியிருந்தன, விரலால் பரப்பிவிட்டேன். ரிலேக்களின் மேல் நிறுவனப் பெயர் எதுவும் இல்லை. எல்லாமே மூடி ஒட்டியவை. எங்கள் காலத்து ரிலே என்றால் காண்டாக்ட் கருத்தால் மெல்லிய தகடு விட்டுத் துடைத்துவிடலாம். இவற்றைத் துடைக்க வழியில்லை. கெட்டால் பிடுங்கி எறிந்து வேறு வைக்க வேண்டியதுதான். கெடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே பராமரிப்பு. இந்த எண்ணம் அன்றே மனதில் உட்கார்ந்துவிட்டது. கெப்பாசிட்டர்கள் எத்தனை வோல்ட் தாங்கும் என்று அன்றே பார்த்திருந்தால் இன்னொரு தொல்லையும் மிச்சமாகியிருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் பெட்டியை ரேடியோவுக்குப் பக்கத்தில், மேசை மேலேயே வைத்தேன். அங்கிருந்து 20 மீட்டர் ஆர்.ஜி.-58 கேபிள் மாடிக்குப் போய் டைபோலின் நடுவில் சேர்கிறது. 14 மெகாஹெர்ட்ஸ். 10 வாட் கொடுத்துப் பொத்தானை அழுத்தினேன். பல்லி கத்தியது, ஓய்ந்தது. திரையில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.1. ஆஹா என்று 100 வாட்டுக்கு ஏற்றி இரண்டு மணி நேரம் கூப்பிட்டேன். மறுமொழி தந்தவர்கள் மூன்றே பேர். மூவரும் மிகச் சிரமப்பட்டுத்தான் என்னைக் கேட்டார்கள். ஜாலஹள்ளியில் இருக்கும் நண்பர் அதே நேரத்தில் அதே பேண்டில் ஊர் உலகமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்.

கோபத்தில் கேபிளைத் தடவிக்கொண்டே மாடி ஏறினேன். ஓரிடத்தில் வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்ச தூரம் போனால் குளிர்ச்சி. மேலும் போனால் மறுபடி வெதுவெதுப்பு. படியில் அடி வைத்து அளந்தால் இரண்டு சூட்டுக்கும் நடுவே ஏழு மீட்டர் சொச்சம். அப்போதுதான் உறைத்தது. 14 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிளுக்குள் அரை அலைநீளம் ஏழு மீட்டர்தான். போகும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து உண்டாகும் நிலையலையின் மின்னோட்டம் உச்சமாக இருக்கும் இடங்களையே என் விரல் கண்டுபிடித்திருக்கிறது. வாட்டெல்லாம் வானத்துக்குப் போகாமல் கேபிளைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 40 மீட்டர் டைபோலை 14-இல் ஓட்டினால் அது முழு அலைநீளம். நடுவில் மின்தடை ஆயிரக்கணக்கான ஓமுக்குப் போகும். ஆன்டெனா முனையில் எஸ்.டபிள்யூ.ஆர். 50 என்று வைத்துக்கொண்டால், நன்கு பொருந்திய நிலையில் 1.1 டெசிபெல் மட்டுமே விழுங்கும் அந்தக் கேபிள் இப்போது 8.7 டெசிபெல் விழுங்குகிறது. 100 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 13 வாட். வேடிக்கை என்னவென்றால், அந்த இழப்பே கீழே மேசையில் எஸ்.டபிள்யூ.ஆரை 7 ஆகக் குறைத்துக் காட்டும். பெட்டிக்கு அது அல்வா சாப்பிடுவது போல; சிரமமில்லாமல் 1.1-க்குக் கொண்டுவந்துவிட்டது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்து வைக்கும் தரகர் போலத்தான் டியூனர். "பெண் வீடு சரியாக ஐம்பது ஓம்" என்று, ஐம்பது ஓமை மட்டுமே விரும்பும் ரேடியோவிடம் சத்தியம் செய்கிறது. ரேடியோ நம்பி முழு வாட்டையும் கொடுக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்பது தரகருக்குச் சம்பந்தமில்லை.

பெட்டியின் மேல் குற்றமில்லை. வைத்த இடம் தப்பு. கேபிளின் கீழ்முனையில் வைத்தால் ரேடியோவைத்தான் காப்பாற்றும். மேல்முனையில் வைத்தால் கேபிளையும் காப்பாற்றும். அடுத்த வாரம் அதை மாடிப்படி முடியும் இடத்தில் இருக்கும் சிறிய அறைக்குள் கொண்டுபோய், ஒரு பிளாஸ்டிக் மின்பெட்டிக்குள் திருகினேன். டைபோலை 7-க்கு மட்டும் தனியாக விட்டுவிட்டு, 16 மீட்டர் நீளத்துக்கு ஒற்றைக் கம்பியை அறையின் உச்சியிலிருந்து எதிர்மூலை இரும்புக் குழாய்க்கு இழுத்தேன். பெட்டியின் ஆன்டெனா முனையின் நடு ஊசியில் அந்தக் கம்பி. அதே முனையின் உலோக உடம்பில், கைப்பிடிச் சுவரை ஒட்டிப் படுத்திருக்கும், ஆன்டெனாவுக்குத் தரை போல உதவும் நான்கு எதிர்க்கம்பிகள். இப்போது ரேடியோவுக்கும் பெட்டிக்கும் நடுவே போகும் கேபிள் 50 ஓமிலேயே இருக்கிறது. 14-இல் 100 வாட்டுக்கு 78 வாட் மேலே போய்ச் சேருகிறது.

வடாம் காயப்போடும் மாடி அது என்பதால் வீட்டில் ஒரு சமரசம் தேவைப்பட்டது. அனுப்பும்போது கம்பியைத் தொட்டால் சுடும், சாதாரணச் சூடு அல்ல, தோலுக்குள் வெள்ளையாகக் கொப்புளிக்கும் ரேடியோச் சூடு. ஆகவே கம்பி ஆள் உயரத்துக்கு மேல். இறங்கும் பகுதி முழுக்க பி.வி.சி. குழாய்க்குள். வடாம் துணி விரித்திருக்கும் நேரத்தில் நான் அனுப்புவதில்லை. வாய்மொழி ஒப்பந்தம்தான், ஆனால் அரசாங்க விதிகளைவிடக் கண்டிப்பானது.

பலன் உடனே தெரிந்தது. முதல் மாலையில் 14-இல் கூப்பிட்டபோது கோயம்புத்தூர் நண்பர் 7-இல் சொல்வதைவிட உற்சாகமாக ஒரு செய்தி அனுப்பினார்: "ஓ.எம்., உங்களை இத்தாலிக்காரர் ஐந்து-ஒன்பது என்று சொன்னதை நானே கேட்டேன்." (ஓ.எம். என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் விளிப்பது; ஐந்து-ஒன்பது என்றால் தெளிவாக, பலமாகக் கேட்கிறது.) பேத்தியை மாடியில் உட்காரவைத்து, நான் கீழே பேண்டு மாற்றிக்கொண்டே போனேன். அவள் திரையைப் பார்த்துக் கத்துவாள். 7-இல் "ஒன்று புள்ளி இரண்டு!", 10-இல் "ஒன்று புள்ளி நான்கு!", 14-இல் "ஒன்று புள்ளி ஒன்று!", 21-இலும் 28-இலும் ஒன்றரைக்குள். 3.5-இல் 1.9; வேலைக்கு ஆகும். 1.8-இல் பெட்டி கைவிரித்துவிட்டது. ஏழு காயில்களையும் கூட்டினாலும் எட்டரை மைக்ரோஹென்றி. அந்த அலைவரிசையில் அது 98 ஓம் அளவே. பதினாறு மீட்டர் கம்பிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, கிரிக்கெட் ரன் ரேட்டா?" என்று கேட்டார்.

18 மெகாஹெர்ட்ஸ்தான் வில்லங்கம். அங்கே 2.5-க்குக் கீழே இறங்கவில்லை. திரையில் காயில் 2.75 மைக்ரோஹென்றி, கெப்பாசிட்டர் 22 பிகோஃபாரட், அதுவும் ஆன்டெனா பக்கத்தில். இரண்டரை இருந்தால் என்ன என்று முழு வாட்டையும் கொடுத்துப் பேச ஆரம்பித்தேன். நான்காவது வாக்கியத்தில் எஸ்.டபிள்யூ.ஆர். முள் கூரைக்குப் போனது. மேலே ஓடினால் மூடிக்குள்ளிருந்து கருகிய வாசனை. 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் நடுவில் பிளந்து, பக்கத்துப் பலகையில் மசி தீட்டியது போலக் கறுப்பு.

காரணம் நீளத்தில் இருக்கிறது. 18.1 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 16.6 மீட்டர். கம்பி முனை விளைவைக் கழித்தால் என் 16 மீட்டர் கம்பி அங்கே கிட்டத்தட்ட முழு அலை. ஊட்டும் முனையில் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம். 2,000 ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: 100 வாட் அதற்குள் போனால் 447 வோல்ட், உச்சம் 632 வோல்ட். அந்த வோல்ட் முழுவதும் ஆன்டெனா பக்கத்துக் கெப்பாசிட்டரின் தலையில்தான். கடைக்காரர் யாரிடம் செய்து வாங்கினாரோ, அவர் 500 வோல்ட் கெப்பாசிட்டரைப் போட்டு அனுப்பியிருந்தார். வடிவமைப்பின் தவறு அல்ல இது. நாலு ரூபாய் மிச்சம் பிடித்தவரின் தவறு. மறுநாள் எஸ்.பி. ரோடு போய், அதே சந்தில் வேறு கடையில், 3 கிலோவோல்ட் தாங்கும் என்.பி.ஓ. வகைக் கெப்பாசிட்டர்கள் வாங்கினேன். உடைந்ததோடு சேர்த்து ஏழையுமே மாற்றினேன். மொத்தம் 180 ரூபாயும் ஒரு மாலைப்பொழுதும். முதல் கடைப் பையனிடம் சொன்னேன். "ஐயா, அதெல்லாம் கம்பெனியில் அப்படித்தான் வரும்" என்றான். எந்தக் கம்பெனி என்று அவனுக்கும் தெரியாது.

வாங்கப்போகிறவர்கள் கடையிலேயே மூடியைத் திறந்து கெப்பாசிட்டரில் 1 கேவி (ஆயிரம் வோல்ட்) அல்லது அதற்கு மேல் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். திறக்க விடவில்லை என்றால் வாங்காதீர்கள்.

பெட்டி மாடியில், பொத்தானும் மாடியில், நான் கீழே. அறுபத்தைந்தைத் தாண்டிய முழங்காலுக்கு ஒரு பேண்டுக்கு இருபத்திரண்டு படி ஒத்துவராது. பேத்திக்கும் பள்ளி திறந்துவிட்டது. பொத்தானுக்கு இணையாக இரண்டு கம்பியைக் கீழே இறக்கி மேசையில் ஒரு அழைப்புமணிப் பொத்தான் வைத்தேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் 21-இல் பேசிக்கொண்டிருக்கையில், யாரும் அழுத்தாமலே மாடியில் பல்லி கத்தத் தொடங்கியது. 100 வாட் ஓடிக்கொண்டிருக்கும்போது ரிலேக்கள் மாறுகின்றன! கேட்டதும் என் வயிறு கலங்கியது. ஓடும் மின்னோட்டத்தில் காண்டாக்ட் பிரிந்தால் பொறி பறக்கும். பொறி பறந்தால் குழி விழும். குழி விழுந்த காண்டாக்ட் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். நாற்பது வருடத்துக்கு முன்பு எங்கள் மேற்பார்வையாளர் இதைச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தார். இருபது மீட்டர் பொத்தான் கம்பி தானே ஒரு ஆன்டெனாவாகி, ரேடியோ அலையைப் பிடித்து, யாரோ அழுத்தியதாகப் பெட்டியை நம்பவைத்திருக்கிறது. பெட்டி முனையில் 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைக் குறுக்கே போட்டு, பொத்தான் கம்பியையும் 13.8 வோல்ட் கம்பியையும் ஒரு ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்று சுற்றினேன். அதன் பிறகு அழைக்காமல் கத்தவில்லை.

இதே காரணத்துக்காகத்தான் பெட்டியில் இருக்கும் தானியங்கி முறையை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். எஸ்.டபிள்யூ.ஆர். மாறினால் தானே மறுபடி தேடும் வசதி அது. காற்றில் கம்பி ஆடினால், மழை நனைத்தால், நீங்கள் முழு வாட்டில் "ஹலோ" சொல்லும் நொடியில் தேடத் தொடங்கிவிடும். வசதியாகத்தான் இருக்கும், ரிலே இருக்கும் வரை.

என் பழக்கம் இப்படி. முதலில் பெட்டிக்கு மின்சாரம், பிறகு ரேடியோவுக்கு. மின்சாரம் இல்லாத பெட்டியில் ரிலேக்கள் எல்லாம் விடுபட்டு, அது வெறும் கம்பி போல ஆகிவிடும்; அந்த நிலையில் அனுப்பினால் ரேடியோ நேராக மோசமான ஆன்டெனாவைப் பார்க்கும். பேண்டைத் தேர்ந்ததும் ஒரு நிமிடம் கேட்பேன். யாரும் இல்லாத இடத்துக்கு ஓரிரு கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போவேன். காலி தானா என்று வாய்விட்டுக் கேட்பேன். அடுத்தவர் பேச்சின் மேல் போய் விசில் அடிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பிறகு ஐசி-718-இன் பவரை 10 வாட்டுக்கு இறக்குவேன். மெனுவுக்குள் போக வேண்டியிருக்கிறது; சலிப்புதான், ஆனாலும் செய்ய வேண்டியதுதான். ஆர்.டி.டி.ஒய். (தட்டச்சுச் செய்தி அனுப்பும்) முறைக்கு மாற்றி மைக் பொத்தானை அழுத்தினால் சீரான அலை கிடைக்கும். பேச்சு முறையில் "ஆஆஆ" என்று கத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. டியூனர் பொத்தானைச் சுருக்கமாகத் தட்டினால் எல்லாம் பூஜ்யத்துக்கு வரும்; அழுத்திப் பிடித்தால் தேடத் தொடங்கும். பல்லி ஓய்ந்த பிறகுதான் மைக்கை விடுவேன். பிறகே பவரை ஏற்றுவேன்.

இந்தப் பெட்டி அலைவரிசையை அளப்பதில்லை; எந்தப் பேண்டுக்கு எந்தச் சேர்க்கை என்று நினைவில் வைப்பதும் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடும். முதலில் இது குறையாகத் தெரிந்தது. இப்போது ஒரு பள்ளிக்கூட நோட்டில் பேண்டுவாரியாகக் காயில், கெப்பாசிட்டர் எண்களை எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நாள் 14-இல் வழக்கமான எண்ணுக்குப் பதிலாக வேறு எண் வந்தால் ஆன்டெனாவில் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். அப்படித்தான் ஆகஸ்டு மாதத்தில் ஒரு எதிர்க்கம்பி பச்சைப் பாசி பிடித்து, முனையில் அற்றுப்போயிருந்ததைக் கண்டுபிடித்தேன். நினைவுள்ள பெட்டியாக இருந்திருந்தால் எனக்குச் சொல்லாமலே சரிக்கட்டியிருக்கும்.

100 வாட் என்று பெட்டியில் எழுதியிருப்பது பேச்சுக்கு. எஃப்.டி.8 என்ற கணினி முறை போல, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய பதின்மூன்று நொடி நிற்காமல் ஓடும் முறைகளுக்கு நான் 40 வாட்டைத் தாண்டுவதில்லை. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, எல்லாவற்றையும் அணைத்து, பெரிய காயிலைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியவில்லை என்றால் அதிகம். வி.யு.3 என்று அழைப்புக்குறி தொடங்கும் தொடக்கநிலை உரிமக்காரர்களுக்கு வரம்பே 50 வாட் என்பதால் இந்தப் பெட்டி அவர்களுக்குத் தாராளம். பொதுநிலை உரிமம் பெற்ற வி.யு.2 காரர்களுக்கு 400 வாட் வரை அனுமதி உண்டு. பெருக்கி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். திரை காட்டும் வாட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக வைக்கும் மின்தடை) என் மீட்டர் 100 காட்டும்போது பெட்டி 86 காட்டியது. எஸ்.டபிள்யூ.ஆர். விகிதம் என்பதால் அது ஒத்துப்போகிறது.

பெங்களூருவில் ஏப்ரல், மே மாலைகளில் இடி இடித்தால் பெட்டியை முழுவதுமாகக் கழற்றி, கம்பியை மண்ணில் அடித்த தடியோடு கவ்விவிடுவேன். மழைக்காலத்துக்கு முன்பு மூடியின் ரப்பர் ஓரம், தரை இணைப்பின் பச்சைத் துரு, பி.எல்.-259 இணைப்பின் இறுக்கம் மூன்றையும் பார்ப்பது வழக்கம். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போட்டிருக்கிறேன். ஆனால் இதுவரை வந்த ஒரே பூச்சித் தொல்லை எதிர்பாராதது. தூசி போகாமல் எல்லாவற்றையும் அடைத்தவன், பரிசோதனைக்கு என்று விட்டிருந்த ஒரு காலிச் சாக்கெட்டை மறந்துவிட்டேன். தீபாவளி சமயத்தில் பார்த்தால் குளவி அதற்குள் மண்ணால் வீடு கட்டி, வாசலையும் பூசிவிட்டது. ஈர மண் ஓரளவு கடத்தும். அந்த வாரம் முழுக்க 3.5-இல் எண்கள் தள்ளாடியதன் மர்மம் அதுதான்.

ஜாலஹள்ளி நண்பரிடம் இருப்பது எம்.எஃப்.ஜே.-949இ, கையால் திருகும் வகை. இரண்டு மாறு கெப்பாசிட்டர், பன்னிரண்டு நிலைக் காயில், உள்ளேயே டம்மி லோடு, 300 வாட். 1972-இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2024 மே மாதத்தோடு தன் தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்திக்கொண்டதால் இனி பழையது கிடைத்தால்தான் உண்டு. அதில் ஓடும்போது கருகுவதற்கு ரிலேயே இல்லை. ஆனால் மாடியில் வைத்துவிட்டுக் கீழிருந்து திருக முடியாது. ஐகாமின் ஏ.எச்.-4 வெளியில் வைக்கவென்றே செய்தது; 7 மீட்டர் கம்பி இருந்தால் 3.5 முதல் 54 மெகாஹெர்ட்ஸ் வரை பொருத்தும், 718-இன் பொத்தானிலிருந்தே இயக்கலாம். கிடைத்தால், பணம் இருப்பவர்கள் அதை வாங்கலாம். என் ஓய்வூதியத்தில் அந்த விலைக்கு இந்தப் பெட்டி நாலைந்து வரும்.

சால்டர் குச்சி பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். முடிந்தால் செய்து முடித்த பெட்டியாக வாங்காமல், உதிரிகளாக வாங்கி, கெப்பாசிட்டர்களையும் ரிலேக்களையும் நீங்களே தேர்ந்தெடுத்துப் போடுங்கள். பொத்தானை அழுத்தினால் எல்லாம் நடக்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது.

பதினான்கு மாதத்தில் ஒரு ரிலேயும் போகவில்லை. இருந்தாலும் போன வாரம் எஸ்.பி. ரோடு போனபோது அதே அளவில், பெயர் அச்சிட்ட ரிலேக்கள் ஐந்து வாங்கி டப்பாவில் போட்டு வைத்தேன். 18 மெகாஹெர்ட்ஸுக்காகக் கம்பியை ஒன்றரை மீட்டர் குறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். 21-இல் அது அரை அலையின் மடங்குக்கு அருகில் போய்விடும் போலிருக்கிறது. வடாம் சீசன் முடியட்டும்.